விரல் நுனியில் ஒரு சொட்டு

அமலோற்பவமேரி என்று முழுப்பெயர் சொல்லி விசாரித்தால் ஏலாக்குறிச்சியில் பலருக்கு ஆளைத் தெரியாது. மடத்திலிருந்து திரும்பி வந்த அமலி என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். பத்தொன்பது வயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்தவள், துறவற வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முந்தின வருஷம் தகரப்பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். அப்பா ஏற்கெனவே செத்துப்போயிருந்தார். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லை. காரணம் அவ்வளவுதான். ஊர் அதை நம்பவில்லை. அங்கே என்ன நடந்ததோ என்றுதான் பேசிக்கொண்டது. அம்மா செத்த பிறகு மடத்துக் கதவு அவளுக்குத் திரும்பத் திறக்கவில்லை. திரும்பி வந்தவளைக் கட்டிக்கொள்ள எந்த மாப்பிள்ளையும் வரவில்லை. தங்கை சுபாவைக் கொள்ளிடக் கரையோரம் குருசுமேட்டில் அரியமுத்துவுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, அமலி அப்பாவின் ஓட்டுவீட்டில் தனியாக இருந்தாள்.

மடத்தை விட்டு அவள் வந்துவிட்டாளே தவிர மடம் அவளை விடவில்லை. குரலை உயர்த்திப் பேசமாட்டாள். விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவாள். பெரியவர்கள் ஒன்றைச் செய் என்றால் செய்வாள். ஏன் என்று கேட்கமாட்டாள்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு அந்தப் பக்கம் வந்தது. பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கப் பெரிய கருவிகள் தேவையா, அல்லது கொஞ்சம் வினிகரைத் தொட்டு வைத்து விளக்கடித்துக் கண்ணால் பார்த்தாலே போதுமா என்பதுதான் அவர்களுடைய ஆராய்ச்சி. கெட்டுப்போகத் தொடங்கியிருக்கும் இடம் வினிகர் பட்டதும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அதை அங்கேயே குளிர்வைத்து உறையச் செய்து அழித்துவிடலாம். ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் பேசப் பத்தாவது படித்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி வேண்டும் என்றார்கள். பங்குச் சாமியார் அமலியின் பெயரைச் சொன்னார்.

வேலை சொல்லிக்கொடுத்தது டாக்டர் ருமைசா. லப்பைக்குடிக்காட்டுப் பெண். குடும்பத்து ஆண்களெல்லாம் துபாயிலும் சவூதியிலும் இருக்க, இவள் மட்டும் டாக்டருக்குப் படித்துவிட்டு இந்தப் புழுதிக் காட்டுக்கே வேலைக்குத் திரும்பியிருந்தாள். அமலியைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். பங்கு மண்டபத்தில் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுற்றிவளைக்காமல் சொன்னாள்.

“இந்தப் பக்கத்து ஊர்கள ரெண்டா பிரிச்சிருக்காங்க அமலிக்கா. சென்னையில கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. பாதி ஊர்ல பொம்பளைங்கள கேம்ப்புக்குக் கூட்டிட்டு வந்து வினிகர் வச்சுப் பாப்போம். மீதி ஊர்ல பாக்கமாட்டோம். வருஷத்துக்கு ஒரு தடவ வூட்டுக்கு வூடு போயி கேள்வி மட்டும் கேக்கணும்.”

“பாக்காத ஊர்ல எதுக்குங்க கேள்வி?”

அமலி தன் வாழ்க்கையில் ‘எதுக்கு’ என்று கேட்ட சொற்பத் தடவைகளில் அது ஒன்று.

“பாத்த ஊர்ல சாவு கொறைஞ்சுச்சான்னு எப்படிச் சொல்லுவீங்க, பாக்காத ஊர்ல எத்தனை பேரு சாவுறாங்கன்னு தெரியாம? ரெண்டையும் பக்கத்துல வச்சுக் காட்டுனாத்தான் கவர்மெண்ட் நம்பும். நம்புனா அப்புறம் எல்லா ஊருக்கும் வந்துரும், இன்ஷா அல்லாஹ்.”

அது நியாயமாகத்தான் பட்டது. கேள்வி கேட்கும் முறையையும் ருமைசா சொல்லிக்கொடுத்தாள். “பதில நீங்க எடுத்துக் கொடுக்கக் கூடாது. ரத்தம் பட்டுச்சான்னு கேளுங்க. இல்லன்னா, இல்லதான். அடுத்த கேள்விக்குப் போயிரணும். நல்லா யோசிச்சுப் பாரும்மான்னு கிண்டிக்கிட்டு நின்னீங்கன்னா இல்லாததெல்லாம் வந்துரும்.”

பார்க்காத ஊர்ப் பெண்களை வெறுங்கையோடு விடக்கூடாது என்று, விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்துச் சத்து மாத்திரை கொடுக்கவும் ஏற்பாடு இருந்தது. கடைசியில், இன்னின்ன தொந்தரவு இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும்.

ஏலாக்குறிச்சி பார்க்கும் ஊர். குருசுமேடு பார்க்காத ஊர்.

பார்க்கும் ஊரில்தான் அமலிக்குப் பாடு அதிகம். கோயிலில் பூசை முடிந்து உபதேசியார் தேவசகாயம் கேம்ப்பைப் பற்றி அறிவிக்க நின்றால், எந்தச் சொல்லால் சொல்வது என்று தெரியாமல், “பெண்கள் சம்பந்தப்பட்ட பரிசோதனை, விபரத்துக்கு அமலியைப் பார்க்கவும்” என்று சொல்லிவிட்டு வேர்த்துப்போய் இறங்குவார். பெண்கள் அதற்கு ஊறுகாய் டெஸ்ட் என்று பேர் வைத்துவிட்டார்கள். “நான் வரமாட்டேன்டி, காலை விரிச்சுப் படுக்கச் சொல்லி டார்ச் அடிக்கிறாங்களாம், காணாமப் போன கம்மலையா தேடுறாங்க?” என்று ஒருத்தி கேட்க, தெருவே சிரிக்கும். அமலி சிரிக்காமல் காத்திருப்பாள். கடைசியில் வருவார்கள். திட்டு தெரிந்தவர்களின் வீட்டுக்கு அமலி மறுபடி போய், ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்வாள். அவள் இரண்டாம் முறை வாசலில் வந்து நின்றாலே வீட்டில் அழுகை கிளம்பிவிடும். வராவிட்டால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் இது தெரிந்துபோயிற்று.

குருசுமேட்டில் இந்தப் பாடெல்லாம் இல்லை. எல்லா வீட்டிலும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்கள். ரத்தச் சொட்டு எடுக்கும்போது மட்டும் அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அதையே உற்றுப் பார்ப்பதை அமலி கவனித்தாள். வலிக்குப் பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் வருஷம் சுபா வீட்டுக்குப் போனபோது அவள் ஆட்டுக்குக் கிளுவைத் தழை போட்டுக்கொண்டிருந்தாள்.

“வாங்க மேடம். சேர் போடவா?”

“வாய மூடு. பேரு சொல்லு.”

“என் பேரு ஒனக்குத் தெரியாதா?”

“எல்லாரையும் கேக்குற மாதிரிதான் கேக்கணும். பேரு?”

“சுபா. வூட்டுக்காரரு பேரு அரியமுத்து. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுறாரு. காலையில கருப்பாப் போயி சாயங்காலம் வெள்ளையா வருவாரு. எழுதிக்க.”

“வயசு?”

“ஒனக்கு ஆறு வயசு எளையவ. கழிச்சுக்க.”

“தேதி தப்பி எப்பயாவது ரத்தம் பட்டுச்சா?”

“இல்லங்க மேடம்.”

“புருசனோட இருந்ததுக்கப்புறம் பட்டுச்சா?”

சுபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். “மாதாவே! மடத்துல இருந்துட்டு வந்த பொம்பள கேக்குற கேள்வியா இது? சாமியாருக்குத் தெரியுமா?”

அமலிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கேள்விகளைக் கேட்டு அவள் சிரித்த ஒரே வீடு அதுதான். விரலை நீட்டச் சொன்னதும் சுபா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். குத்திய பிறகு மெல்லத் திறந்து, சொட்டைப் பார்த்தாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, மறுவருஷமே பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்தார்களே, அதற்கிடைப்பட்ட காலத்தில் ஒருநாள் ஏலாக்குறிச்சி கேம்ப் முடிந்து ருமைசா கை கழுவிக்கொண்டிருந்தபோது அமலி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“டாக்டரம்மா, என் தங்கச்சிய ஒரு தடவ பாத்துரலாமா? இந்த ஊர்ல பொறந்தவதான்.”

“இப்ப எங்க குடியிருக்காங்க?”

“குருசுமேட்டுல.”

ருமைசா குழாயை மூடினாள். “ஏதும் தொந்தரவு இருக்கா?”

“இல்லங்க. சும்மாதான்.”

“இருந்தா இப்பவே கூட்டிட்டு வாங்க, நான் பாக்குறேன். அதுக்கு ரூல் கீல் ஒண்ணும் கெடையாது. இல்லாதப்ப ஒருத்தரப் பாத்தா நாளைக்கு அந்த ஊரே வண்டி கட்டிக்கிட்டு வந்து நிக்கும். அப்புறம் எத வச்சு எதோட ஒப்பிடுறது? என் பெரியம்மா இதுலதான் மௌத்தானாங்க, அமலிக்கா. எனக்கு மட்டும் எல்லாரையும் பாக்கணும்னு ஆசை இருக்காதா?”

அமலி தலையாட்டிவிட்டு விளக்கைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். இல்லை என்று ஒருமுறை சொன்னதை மறுமுறை போய்க் கேட்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

இரண்டாயிரத்து மூன்று தவக்காலத்தில் சுபா மெலிந்திருந்தாள். கேட்டதற்கு, ஒருசந்தி இருக்கிறேன், ஒருவேளைச் சாப்பாடுதான் என்றாள். அரியமுத்து பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கேள்விகளுக்கு அன்றைக்கு அவள் கேலி பேசவில்லை. தேதி தப்பி ரத்தம் பட்டதா என்று கேட்டபோது கொல்லையில் காயப்போட்டிருந்த துணிகளைப் பார்த்தாள்.

“இல்ல” என்றாள்.

அமலியின் பேனா அந்த இடத்தில் நின்றது. இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. கிண்டக் கூடாது என்பது முறை. அதுவும் தன் சொந்தத் தங்கையிடம் மட்டும் கிண்டினால் மற்ற வீட்டுப் பதில்களுக்கு என்ன மரியாதை? அவள் அடுத்த கேள்விக்குப் போனாள். சுபா, கேட்பதற்கு முன்பே விரலை நீட்டினாள். கண்ணை மூடவும் இல்லை.

மறுவருஷம் மாதா தேருக்குச் சுபா ஏலாக்குறிச்சிக்கு வந்து தங்கினாள். தேர் கிளம்பி வேட்டுச் சத்தம் கேட்டபோதுகூட எழுந்திருக்கவில்லை. அவள் படுத்திருந்த பாயைச் சுருட்டப் போன அமலிதான் பார்த்தாள். பாயின் மறுபக்கம்வரை ஊறியிருந்தது. வாடை வேறு அடித்தது. அந்த வாடை எதனுடையது என்று ஐந்து வருஷமாகக் கேம்ப்புகளில் நின்றவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ருமைசா அன்றைக்கே பார்த்தாள். வினிகருக்கு அங்கே வேலை இருக்கவில்லை, வெறும் கண்ணுக்கே தெரிந்தது. வெளியே வந்து அமலியை ஓரமாகக் கூப்பிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப முற்றிவிட்டது என்றாள். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார்கள். ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது, கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்துப் பார்க்கலாம், கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்திருந்த சுபாவிடம் அமலி கேட்டாள், “ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“எப்படிச் சொல்றது? அவரு பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருந்தாரு. நீயும் ஆபீசரு மாதிரி கேட்டுக்கிட்டு இருந்த.”

“தனியா வந்து சொல்லியிருக்கலாம்ல?”

“நான் சொல்லலன்னா என்னக்கா? அதான் ரத்தம் எடுத்துட்டுப் போனியே. வாய் பொய் சொல்லும், ரத்தம் சொல்லுமா? ஏதும் இருந்தா நீ திரும்ப வந்து கூப்புடுவேன்னு இருந்தேன். நீ வரல. அப்ப இது சாதாரணமாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.” பிறகு ஆறுதல் சொல்வதுபோல, “டெஸ்டுல சில பேருக்குத் தப்பிப் போயிருமாம். ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சொன்னாரு. நம்ம நேரம்” என்றாள்.

பஸ் கொள்ளிடப் பாலத்தைத் தாண்டியது. தன் தங்கை டெஸ்ட் என்று சொல்வது விரலில் எடுத்த அந்தச் சொட்டைத்தான் என்று அமலிக்கு அப்போதுதான் புரிந்தது.

இது சுபாவின் மனசில் மட்டும் இருந்ததா என்று தெரிந்துகொள்ள, அடுத்த வீட்டுச் சேசுமேரியிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். சேசுமேரி வாயாடி. சாணி தெளித்த வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

“நாங்கல்லாம் குடுத்து வச்சவளுங்க அமலி. ஏலாக்குறிச்சிக்காரிங்களப் பாரு, மானத்த விட்டு மேசையில ஏறிப் படுக்குறாளுங்க. எங்களுக்கு வாசல்லயே ஒரு சொட்டுல முடிஞ்சிருது. ஒன் தங்கச்சி ஊருன்னு நீதான் டாக்டர்கிட்ட சொல்லி இந்த ஏற்பாடு பண்ணுனியாமே? எம் மாமியாகூட ஒனக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்துச்சு.”

“ஒனக்கு எப்பவும் அடிவயித்துல வலின்னு சொல்லுவியே, அது எப்படியிருக்கு?”

“அது கெடக்கு. ரத்தத்துல ஒண்ணும் இல்லன்னுதானே மாத்திர குடுத்த?”

குருசுமேடு முழுக்க அப்படித்தான் நினைத்திருந்தது. ஐந்து வருஷமாக அவள் சொன்ன நாலு வார்த்தை ஒருவர் காதிலும் ஏறவில்லை. சோதனை முடிந்தவர்களுக்கு எச்சரிக்கை எதற்கு?

அமலி அரியலூருக்குப் போய் ருமைசாவிடம் சொன்னாள். ருமைசா அன்றே சென்னைக்கு எழுதினாள். பதில் வர ரொம்ப நாள் ஆயிற்று. பார்க்காத ஊர்களில் இனிமேல் விளக்கத்தை இன்னும் தெளிவாகச் சொல்லுங்கள், ஆனால் பரிசோதனைக்கு யாரையும் அனுப்ப வேண்டாம், ஆராய்ச்சி முடிய இன்னும் இரண்டு வருஷம்தான், முடிந்ததும் அந்த ஊர்களுக்கும் கட்டாயம் செய்துவிடலாம் என்று இருந்தது.

“அவங்க கெட்டவங்க இல்ல, அமலிக்கா” என்றாள் ருமைசா. அவள் குரலில் தெம்பில்லை. “இந்த ஆராய்ச்சி ஒழுங்கா முடிஞ்சுச்சுன்னா லட்சக்கணக்கான பொம்பளைங்களுக்கு ஒதவும். ரெண்டு வருஷத்துக்காக அத ஒடைக்கிறதான்னு யோசிக்கிறாங்க.”

“நீங்க என்ன சொல்றீங்க?”

“எனக்குச் சொல்லத் தெரியல.”

“ரெண்டு வருஷத்துல சேசுமேரிக்கு என்ன ஆகும்?”

ருமைசா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். பாதி ஊர்கள் பார்க்காமல் கிடக்க வேண்டும் என்பதை அமலி இத்தனை வருஷமும் ஒரு நியாயமாகத்தான் சுமந்தாள். பார்க்கவில்லை என்று தெரிந்திருந்தால் ஒருவேளை அவர்கள் தாங்களாகவே எங்காவது போயிருப்பார்கள். பார்த்துவிட்டார்கள் என்று நம்பி உட்கார்ந்திருப்பது வேறு. அந்த நம்பிக்கையைக் கொண்டுபோய் வாசல் வாசலாகக் கொடுத்தது தன் கை.

உண்மையைச் சொல்லிவிடுவது அவளுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது, சுபா மட்டும் இல்லையென்றால். டெஸ்டில் தப்பிப் போய்விட்டது, நம்ம நேரம் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் கரண்டு வைக்கப் போய்வந்துகொண்டிருந்தாள். தோல் கருகி, சோறு இறங்காமல் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தபோதும் யார் மேலும் கோபமில்லாமல் இருந்தாள். அக்கா கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தால் குடித்தாள். குருசுமேட்டுக்கு உண்மை தெரிந்தால் சுபாவுக்கும் தெரிந்துவிடும். சுபாவை விட்டுவிட்டு ஊருக்கு மட்டும் சொல்ல வழியில்லை. பத்துத் தெருவுள்ள ஊரா அது?

சில வாரங்கள் அமலி சொல்லவில்லை. அந்த வாரங்களில் அவள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவும் போகவில்லை.

குருசுமேட்டில் மாதத்துக்கு ஒரு வீட்டில் அன்பியக் கூட்டம் நடக்கும். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபமாலை சொல்லி, பைபிள் வாசித்து, ஊர் நடப்பு பேசிவிட்டுப் போகும் கூட்டம். அந்த மாதம் சுபாவுக்காக வேண்டிக்கொள்ள அவள் வீட்டிலேயே வைத்தார்கள். சுபா கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஆண்கள் வாசலில் நின்றார்கள். ஜெபமாலை முடிந்து, யாராவது மன்றாட்டுச் சொல்லுங்கள் என்று உபதேசியார் தேவசகாயம் கேட்டார்.

சேசுமேரிதான் முதலில் எழுந்தாள். “எங்களுக்கெல்லாம் ரத்தம் பாத்து ஒரு கொறையும் இல்லாம வச்சிருக்கிற ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கிறோம். சுபாவுக்கும் சொகத்தக் குடுக்கணும்னு...”

“சேசுமேரி, உக்காரு” என்றாள் அமலி.

எல்லாரும் திரும்பினார்கள். அமலி கூட்டத்தில் பேசி அவர்கள் கேட்டதே இல்லை.

“ஒங்க யாரையும் நாங்க பாக்கல” என்றாள். “நான் எடுத்தது ரத்தத்துல சத்து இருக்கான்னு பாக்குற ரத்தம். அதுல புத்துநோய் தெரியாது. அதப் பாக்கணும்னா ஏலாக்குறிச்சியில பண்ணுற மாதிரிதான் பண்ணணும். இந்த ஊருக்கு அது கெடையாது. பாக்காத ஊர்ல எத்தனை பேருக்கு வருதுன்னு தெரிஞ்சுக்கத்தான் ஒங்ககிட்ட கேள்வி கேட்டோம். யாரும் நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க. தஞ்சாவூருக்குப் போயி காட்டிருங்க.”

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் சேசுமேரியின் மாமியார்தான் ஆரம்பித்தாள். “அப்ப நாங்க என்னாடி, கணக்குக்கா? எத்தனை பேரு சாவுறோம்னு எண்ணிக்கிட்டு இருந்தியா நீ? எங்க வூட்டுச் சோத்தத் தின்னுபுட்டு?”

“இதுக்குத்தான் மடத்துலேர்ந்து வெரட்டி வுட்டிருக்காங்க” என்று வாசலிலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது.

தேவசகாயம் கையை உயர்த்தி, ஆண்டவர் சந்நிதி, அமைதி, அமைதி என்றார். யாரும் அமைதியாகவில்லை. அந்த இரைச்சலுக்குள் சுபாவின் குரல் ரொம்ப மெதுவாகத்தான் வந்தது. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

“ஒனக்கு மொதல்லேயே தெரியுமாக்கா?”

அமலி அவள் பக்கம் திரும்பினாள்.

“எனக்குப் பாக்கலங்கறது ஒனக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டேதான் வருஷா வருஷம் வந்து கேட்டுட்டுப் போன.”

“தெரியும்” என்றாள் அமலி.

சுபா அரியமுத்துவைக் கூப்பிட்டு, தன்னைச் சுவர்ப் பக்கமாகப் படுக்க வைக்கச் சொன்னாள்.

மறுவாரம் குருசுமேட்டுப் பெண்கள் ஒரு வேனை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனார்கள். அமலி கூட வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அன்றைக்குச் சுபாவுக்குக் கரண்டு வைக்கும் நாள். அவளோடு அமலி ஏற்கெனவே அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரே பெஞ்சுதான், நடுவில் தூக்குவாளி இருந்தது. கூட்டம் நடந்த நாளிலிருந்து சுபா அவளிடம் பேசவில்லை. வேண்டியதைக் கையால் காட்டினாள். முடியாதபோது ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டாள்.

மத்தியானம் சேசுமேரி அந்த வழியாக அழுதுகொண்டு வந்தாள். திட்டு இருக்கிறதாம். சுபாவைப் பார்த்ததும் அவள் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சுபா அவள் தலையில் கைவைத்தாள்.

“அழுவாத. என்ன சொன்னாங்க? முத்திருச்சாமா?”

“இல்ல, ஆரம்பம்தானாம். ரெண்டு தடவ வந்தா சரியாயிருமாம்.”

“அப்புறம் என்னாத்துக்கு அழுவுற? கிறுக்கு புடிச்சவ. எந்திரி, சேல அழுக்காவுது.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கேலி பேசும் அந்தப் பழைய சிரிப்பை அமலி பார்த்தாள். அது அவள் பக்கம் திரும்பவே இல்லை.

ஆராய்ச்சியிலிருந்து அமலியை நிறுத்திவிட்டார்கள். அவளும் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். குருசுமேட்டில் இன்னும் இரண்டு பேருக்குத் திட்டு இருந்து, அவர்களுக்கும் சரியாகிவிட்டது. அதற்காக யாரும் அமலியைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுக்கவில்லை. தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் போனாள். சுபாவுக்குத் துணி மாற்றினாள், புண் கழுவினாள், தலை வாரிவிட்டாள். சுபா மறுக்கவில்லை. பேசவும் இல்லை.

அந்த வருஷம் நவம்பரில் சகல ஆத்துமாக்கள் கல்லறைத் திருநாள் முடிந்து, மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் சுபா இறந்தாள். கல்லறையில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்ததால் குழி வெட்டியவர்கள் வாளி போட்டு இறைக்க வேண்டியிருந்தது. எல்லாரும் கலைந்த பிறகு அரியமுத்து நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டே பக்கத்தில் வந்து நின்றார்.

“அண்ணி, கடைசியில நீங்கதான் கிட்ட இருந்தீங்க. ஏதாவது சொன்னாளா?”

“தண்ணி கேட்டா, மாப்ள.”

“குடுத்தீங்களா?”

“குடுத்தேன்.”

வேறேதாவது இருக்குமா என்று அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு லாரி நின்ற பக்கம் நடந்துபோனார்.

இரண்டாயிரத்து ஏழில், அரியலூர் திரும்பத் தனி மாவட்டமாகப் போகிறது என்று டீக்கடைகளில் பேச்சாக இருந்த சமயத்தில், ருமைசா ஏலாக்குறிச்சிக்கு வந்தாள். அவளுக்கு இப்போது திருச்சியில் வேலை. ஆராய்ச்சி முடிவு வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்திருந்தது. பார்த்த ஊர்களில் சாவு கணிசமாகக் குறைந்திருந்ததாம். அரசாங்கத்திலிருந்தும் வந்து பேசியிருக்கிறார்களாம். அமலி இங்கிலீஷ் பக்கங்களைப் புரட்டி, படிக்கத் தெரிந்த ஊர்ப் பெயர்களைத் தேடினாள்.

“குருசுமேடு எங்க இருக்கு?”

“பேரெல்லாம் போடமாட்டாங்க, நம்பர்தான்.” ருமைசா தயங்கினாள். “குருசுமேட்ட எடுத்துட்டாங்க, அமலிக்கா. நீங்க சொன்னதுக்கப்புறம் அவங்க போயி காட்டிக்கிட்டாங்கல்ல, அதனால அந்த ஊரு ஒப்பிடுறதுக்கு ஒதவாதுன்னு சொல்லிட்டாங்க. எடுத்தாலும் முடிவு மாறல.”

“அப்ப சுபா?”

“சுபாவும் இதுல இல்ல.”

அமலி பக்கங்களை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். வெளியே கோயில் ஒலிபெருக்கியில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள்.

“பக்கத்துல காமராசுபுரத்துல ஒரு பொண்ணு இருக்கு” என்றாள். “முப்பது வயசுகூட இருக்காது. ரெண்டு மாசமா தேதி தப்பி ரத்தம் படுதாம், மாமியாகிட்ட சொல்லப் பயப்படுது. திருச்சிக்குக் கூட்டிட்டு வந்தா நீங்க பாப்பீங்களா?”

“கூட்டிட்டு வாங்க.”

“எந்த ஊருன்னு கேக்கமாட்டாங்கல்ல?”

“யாரும் கேக்கமாட்டாங்க.”

அமலி உள்ளே போய்ச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள். ருமைசாவை பஸ் ஏற்றிவிட்டு, அப்படியே காமராசுபுரம் வரை நடந்தாள்.